இல்லாத சத்தம்

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார் மெக்கானிக், காரை ஒர்க்ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு.

பக்கத்து சீட்டில் இருந்தவள் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதே வார்த்தையை ஏற்கெனவே இரண்டு ஒர்க்ஷாப்பில் கேட்டாயிற்று. இந்தக் காருக்குத்தான் என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! தினமும் காலையில் மலையிறக்கத்தில் வளைவுக்கு வளைவு 'டொக், டொக்' என்று அவள் உயிரை வாங்கும். மெக்கானிக் ஒருவர் ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டால் போதும், ஊமைக்கோட்டான் மாதிரி வாயே திறக்காது.

"இன்னொரு சுத்து போய்ப் பாக்கலாமா அண்ணா? திருப்பும்போதுதான் வரும். ரேடியோவைக்கூட அணைச்சிட்டு ஓட்டிப் பாத்துட்டேன்."

"ரெண்டு சுத்து போயாச்சே. வண்டிக்கு என்ன வயசு?"

"பதினெட்டு."

"எனக்கு அம்பது. காலையில எழுந்தா எனக்கும்தான் முட்டி டொக்குங்குது. அதுக்காக என்னைக் கழட்டியா பாக்கறாங்க?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று உதடுகூட அசையவில்லை. ஒர்க்ஷாப் மூலையில், நாற்காலியில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். எட்டு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம். அங்கே போக பஸ் கிடையாது. காலையில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டிவருவதும் இவள்தான்.

சத்தம் வருகிறது என்று முதல்முறை சொன்னபோது கணவர் கூடவே வந்து கேட்டார். அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. நாலாவது தடவை சொன்னபோது அவர் பொறுமை போய்விட்டது. "உனக்கு ஓட்டப் பயமா இருந்தா விட்டுடு. பாப்பாவைப் பள்ளிக்கூட விடுதியிலேயே சேத்துடலாம். அவளுக்கும் அலைச்சல் இல்ல, உனக்கும் நிம்மதி. இந்தத் தடவையும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா, நான் அவங்களுக்குப் போன் பண்ணிடறேன்" என்று சாப்பாட்டு மேஜையில் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

நிம்மதியாம் நிம்மதி! மகளைப் பிரிந்து ஒரு ராத்திரி தூங்கியறியாதவளுக்கு இதைவிட நல்ல தண்டனை யார் தரமுடியும்? ஓட்டினால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, ஓட்டாவிட்டால் பிள்ளையே வீட்டில் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கதவைப் படாரென்று சாத்தினாலும் குழந்தை திரும்பவில்லையே என்று முதலில் சொன்னது அவள்தான். "எல்லாம் உன் பிரமை" என்றார் கணவர். மாமியார் சொன்னார், டாக்டர்கூடச் சொன்னார். ஒரு வருஷம் வீணாகப் போனது. அப்புறமாவது ஒருத்தர், 'நீ சொன்னதுதான் சரி' என்று வாயைத் திறந்தார்களா? மூச்சு விடவில்லை. இப்போது மறுபடியும் பிரமை. கேட்கக் கேட்க, தனக்கே ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மெக்கானிக் நல்ல மனுஷர். வாய்தான் கொஞ்சம் நீளமே தவிர வேலையில் குறைவைக்கவில்லை. ஜாக்கி போட்டு ஒவ்வொரு பக்கமாகத் தூக்கினார். சக்கரங்களை மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் பிடித்து ஆட்டினார். பாறை மாதிரி நின்றன. டார்ச் அடித்து என்ஜினின் அடிப்பக்கம் பார்த்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

சரியாக அந்த நேரத்தில் கணவரின் போன்.

"என்ன சொன்னாரு?"

"இன்னும் பாத்துக்கிட்டிருக்காருங்க."

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரா, இல்லையா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே. சரி, விடுதி பொறுப்பாளரு அஞ்சு மணி வரைக்கும் இருப்பாராம். பேசிடறேன்."

கணவர் போனை வைத்துவிட்டார். எண்ணெய்க் கறை படிந்த தரை என்றுகூடப் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நான் என்ன பொய்யா சொல்றேன்? வருது அண்ணா! சத்தியமா வருது! நான் என்ன பைத்தியமா?" என்று வாய்விட்டு அழுதாள்.

மெக்கானிக் பதறிப்போனார். "அட, எழுந்திருங்கம்மா, என்ன இது? சரி, வண்டியை இறக்கிடறேன். நீங்க ஸ்டியரிங்ல உக்காந்து, நின்ன இடத்துலயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்க. கடைசியா ஒரு தடவை காது குடுத்துப் பாத்துடறேன்."

நம்பிக்கை இருந்து சொல்லவில்லை, அழுகையை நிறுத்தச் சொன்னார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பினாள். பக்கத்துக் கொட்டகையில் யாரோ தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். காற்றடிக்கும் இயந்திரம் வேறு காதைக் கிழித்தது. அந்த அமளியில் இடி விழுந்தாலும் கேட்காது. "ம்ஹூம்" என்று தலையாட்டினார் மெக்கானிக்.

அம்மா அழுததைப் பார்த்த மகள் நாற்காலியைவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வந்தவள் காரின் மேல் உள்ளங்கையைப் பதித்தாள். பின்பக்கம் போய்ப் பதித்தாள், வலது பக்கம் வந்து பதித்தாள். முன் இடது சக்கரத்தின் மேல் கை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இன்னொரு கையின் விரலைத் தூக்கிக் காட்டினாள். ஸ்டியரிங் நடுவைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அந்த விரல் உயர்ந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மகள் மெக்கானிக்கின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவர் உள்ளங்கையைத் தன் கை இருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். பெரிய மனுஷி கணக்காக!

"என்ன பாப்பா, என்ன..." என்று சிரித்தவரின் முகம் மாறியது. "அம்மா, மெதுவா திருப்புங்க. இன்னொரு தடவை. அட கடவுளே!"

மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தார். வெளியே வரும்போது முகம் வெளிறியிருந்தது. "சக்கரத்தைத் தாங்கற பால் ஜாயிண்ட். முழுசாத் தேஞ்சுடுச்சு. வண்டியைத் தூக்கினா அது இறுகிக்குது. தரையில பாரத்தோட நின்னாத்தான் ஆடுது. நாங்க என்னடான்னா, வண்டி வந்ததும் முதல் வேலையா ஜாக்கி போட்டுடறோம். இது கழண்டிருந்தா சக்கரம் மடங்கிப் படுத்திருக்கும்மா. அதுவும் இறக்கத்துல..." இரண்டு பேரும் குழந்தையைப் பார்த்தார்கள்.

"இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் இறங்கி வந்து, மகளிடம் சைகையில் அதையே கேட்டாள். மகளின் கைகள் படபடவென்று பேசின. "தினமும் வரும். பாதத்துல வரும். நான் சொன்னேனே."

"எப்போ சொன்னே?"

மகள் நடித்தே காட்டினாள். பின்சீட்டிலிருந்து எட்டி அம்மாவின் தோளைத் தட்டினாள். பிறகு அவளே அம்மா ஆனாள். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையால் பின்னால் ஒரு தள்ளு, கண்ணாடியில் ஒரு முறைப்பு. அச்சு அசல். மெக்கானிக் சிரித்துவிட்டார். அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஆமாம், தள்ளியிருக்கிறாள். ஒரு நாளா, இரண்டு நாளா? மகள் விளையாடுகிறாள் என்று நினைத்தாள்.

மறுபடியும் போன். "பேசிட்டேன். திங்கக்கிழமை..."

"சத்தம் இருக்குங்க" என்று குறுக்கே வெட்டினாள். "சக்கரமே கழண்டு விழற நிலைமையில இருக்கு. பாப்பாதான் கண்டுபிடிச்சா."

"பாப்பாவா? அவளுக்கு எப்படிக் கேக்கும்?"

"அவ ரொம்ப நாளாவே சொல்லிட்டிருக்கா. நான்தான் கேக்கல. திங்கக்கிழமை அவ எங்கயும் போகல."

போனை வைத்துவிட்டு மகளின் முன்னால் மண்டியிட்டாள். சைகையில் கேட்டாள். "வேற என்ன சொன்னே? நான் கவனிக்காம விட்டது வேற என்ன?"

மகள், அம்மா நிஜமாகவே காத்திருக்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னை விடுதிக்கு அனுப்பாதே."

யாருமே அவளிடம் சொல்லாத விஷயம். சாப்பாட்டு மேஜையில் அவளை எதிரே வைத்துக்கொண்டு, அவளுக்குத்தான் கேட்காதே என்று எல்லாவற்றையும் பேசியிருந்தார்கள். அவளோ உதட்டைப் பார்த்தே படித்திருந்தாள்.

"இதை எப்போம்மா சொன்னே?"

"தினமும். படுக்கையில. நான் சொல்ல ஆரம்பிச்சதும் நீ விளக்கை அணைச்சிடறே."