வெள்ளி பெயின்ட் அடித்த மேக்னட்

அந்த பைக் எனக்குக் கோயில் ஏலத்தில் கிடைத்தது. தச்சநல்லூரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காய், சேவல், வாழைத்தார் என்று காணிக்கை வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். இந்த வருஷம் ஒருவர் பைக்கையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். காணிக்கைப் பொருள் புதுசு போல இருக்க வேண்டும் என்று மூலை முடுக்கெல்லாம் வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார். நான் கையைத் தூக்கினேன், வண்டி என்னுடையதாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் செல்ப் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே மோட்டார் விர்ரென்று சுற்றியது. இன்ஜின் அசையவில்லை.

அதில் கிக்கரும் கிடையாது. எனக்கோ திங்கட்கிழமை முதல் ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், கேட்டுக் கேட்டு வாங்கிய வேலை அது. சொந்த வண்டி இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்பீர்கள். அங்கே தடமெல்லாம் மணல்.

என் கணவர் ஜோஷுவா சிரிசிரியென்று சிரித்தார். எங்கள் சபையில் ஏலம் எடுத்ததை மறுபடியும் காணிக்கையாக வைக்கலாம், சாயங்கால ஏலத்தில் அது திரும்ப வரும். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஏலம் கூறும் சுவிசேஷமுத்து மாமாவிடம் போய், பைக்கைத் திரும்பத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் வண்டி ஓடிவிட்டால் என்ன செய்ய என்று அவரிடம் கேட்டேன்.

“ஓடுனா நீயே வச்சுக்கோளா. எங்கன ஓடப்போவுது?”

எல்லோரும் அசனம் என்கிற சபை விருந்துக்கு உட்கார, நான் வண்டியைத் தெரு தாண்டித் தள்ளிப் போனேன். எதிரே இருந்த ஒர்க்ஷாப் செல்வமணியுடையது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். சோறு வந்து சேரும் என்று வாக்குக் கொடுத்ததும் ஸ்பேனரை எடுத்தான்.

கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்ள சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் மிதித்தால் சக்கரம் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விடும். பைக்கில் அந்த வேலையைச் செய்வது செல்ப் கிளட்ச். அதில் மூன்று சிறிய உருளைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஸ்பிரிங். மோட்டார் சுற்றும்போது உருளைகள் குறுகலான இடத்தில் போய் இறுகி இன்ஜினைச் சேர்த்துச் சுற்றும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் நழுவி விலகிவிடும். எங்கள் வண்டியில் அவை இறுகவே இல்லை.

கிளட்ச் இருப்பது மேக்னட்டின் முதுகில். மேக்னட் என்பது உள்ளே காந்தம் ஒட்டிய கனமான இரும்புக் கிண்ணம். அது நுனி சிறுத்த தண்டில் ஆப்பு மாதிரி இறுகி உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றினாலும் வராது. நடுவிலுள்ள திருகு மரையில் புல்லர் என்கிற கழற்றும் கருவியை ஏற்றி, அதன் போல்ட்டைத் திருகித் தண்டைத் தள்ள வேண்டும். அப்போது கிண்ணம் பின்வாங்கும்.

செல்வமணி புல்லரை ஏற்றினான். இரண்டு சுற்றில் நின்றுவிட்டது. போதும் என்று போல்ட்டைத் திருகினான். நறநறவென்று ஒரு சத்தம். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மரை மட்டும் அத்தனை பாரத்தையும் தாங்காது. அது பிய்ந்துபோனால் கிண்ணத்தை வெளியே எடுக்க வழியே இல்லை. அப்படியானால் காஸ் வைத்துச் சூடு காட்டலாம் என்றான். சூட்டில் காந்தம் செத்துப்போகும், அதை ஒட்டிய பசையும் விட்டுவிடும் என்றேன். ஒத்துக்கொண்டான். அதற்குள் சாயங்கால ஏலம் தொடங்கி, மைக்கில் மாமா பூசணிக்காயை விற்றுக்கொண்டிருந்தார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மரைக்குள்ளும் வெள்ளி! காணிக்கை கொடுத்த அந்தப் புண்ணியவான் மூடியைத் திறந்து, பெட்ரோலால் எண்ணெயைக் கழுவி, உள்ளேயும் பெயின்ட் அடித்திருக்கிறார். தின்னரில் நனைத்த துணியாலும் கோணி ஊசியாலும் ஒவ்வொரு வரியாகச் சுரண்டினோம். இப்போது புல்லர் கடைசி வரைக்கும் இறங்கியது. போல்ட்டை இறுக்கினோம். வரவில்லை. இன்னும் இறுக்கினோம். அசையவில்லை. சேவல் ஏலம் முடிந்திருந்தது.

இங்கே பலத்தைவிட அதிர்ச்சிதான் வேலை செய்யும். இறுக்கிய போல்ட்டின் தலையில் நேராக ஒரு அடி கொடுத்தால், இரும்பும் இரும்பும் பிடித்திருக்கும் பிடி ஒரு நொடி தளரும். கிண்ணத்தின் விளிம்பில் மட்டும் அடிக்கக் கூடாது, காந்தம் தெறித்துவிடும். செல்வமணி சுத்தியலை ஓங்கினான். டங். ஒன்றுமில்லை. கால் சுற்று கூட்டிவிட்டு மறுபடி அடித்தான்.

டப்!

வெடி போட்டதுபோல் மேக்னட் கழன்று என் கைக்குள் வந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

திருப்பிப் பார்த்தால் அங்கேயும் வெள்ளி. துளை வழியாக வடிந்த பெயின்ட் ஸ்பிரிங் குழிகளில் உறைந்து உருளைகளை ஒட்டவைத்திருந்தது. உடைந்தது எதுவுமே இல்லை! கழுவி, விரலால் தள்ளினேன். உருளை துள்ளித் திரும்பி வந்தது. மாட்டி, புது பேக்கிங் வைத்து மூடி, எண்ணெய் ஊற்றினோம். மைக்கில் “அடுத்தாப்ல பைக்கு” என்று கேட்டது.

பட்டனை அமுக்கினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

வண்டியை ஓட்டியபடியே கோயில் வளாகத்துக்குள் நுழைந்தேன். ஜோஷுவா வாயைப் பிளந்தார். பைக்கைத் தரவில்லை என்று அவர் சொல்ல, மாமா முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். காணிக்கை என்று வாயால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது, வேண்டுமென்றால் ஏலம் கேட்டு எடுத்துக்கொள் என்றார். மானம் போக ஜோஷுவா கையைத் தூக்கினார். பழைய இரும்புக் கடை எபனேசர் அண்ணாச்சியும் தூக்கினார். இரும்பு விலைக்கு வாங்கலாம் என்று வந்தவர், ஓடுகிற வண்டியைப் பார்த்ததும் விடுவாரா? இரண்டு பேரும் மாறி மாறி ஏற்றினார்கள். அண்ணாச்சி வண்டியை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். அணைத்தேன். அமுக்கினேன். ஒரே அமுக்கு, பிடித்துக்கொண்டது.

“அப்படி என்னம்மா கோளாறு இருந்துச்சு?” என்றார்.

கேட்டாரே! சைக்கிளில் தொடங்கினேன். உருளை, ஸ்பிரிங், ஆப்பு, மரை என்று போய், காந்தத்துக்குச் சூடு ஏன் ஆகாது என்பதை விளக்கிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

“போதும் தாயி. வண்டிய நீயே வச்சுக்கோ.”

மாமா ஜோஷுவாவின் பெயரில் மூன்று தரம் சொல்லி முடித்தார். ஒரே வண்டிக்கு ஒரே நாளில் இரண்டு முறை பணம் கட்டிய வீடு எங்களுடையது. செல்வமணிக்கு அசனச் சோறு கொண்டுபோகப் பின்சீட்டில் ஏறிய ஜோஷுவா, அந்த உருளை எந்தப் பக்கம் இறுகும் என்று பைய என் காதில் கேட்டார்.