அழிக்கச் சொன்ன இரண்டு

பச்சைத் துணி விரித்த மேசையில் கவிழ்த்து வைத்திருந்த ஒன்பது சீட்டுகளில் என் மாணவி ரிக்கே வாய்மொழித் தேர்வுக்காக எடுத்தது ஐந்தாவது: பல்லுறுப்புக்கோவைகளை வகுத்தல். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் பாதித் தூக்கத்தில்கூடச் செய்துவிடக்கூடிய பாடம் அது. கதவுக்கு வெளியே அவள் குடும்பம் மொத்தமும் ஸ்ட்ராபெரி கேக்கோடும் கையில் குட்டிக் கொடிகளோடும், மதிப்பெண் வந்ததும் பாடிக் கொண்டாடக் காத்து நின்றது. எங்கள் மதிப்பெண் அளவில் பன்னிரண்டு உச்சி. அதற்குக் கீழே பத்து, ஏழு, நாலு. கணக்கில் பத்து வந்தால்தான் அவளுடைய சராசரி கால்நடை மருத்துவத்துக்கு எட்டும். சித்தியின் பண்ணையில் பன்றிக்குப் பிரசவம் பார்த்த கதையை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள், பெரும்பாலும் நான் ரொட்டியைக் கடிக்கும் நேரமாகப் பார்த்து.

கரும்பலகையில் x³ − 4x² + x + 6 என்று எழுதினாள். x-க்கு இரண்டு போட்டுப் பார்த்தாள்; பூஜ்யம் வந்தது. ஆகவே x − 2 இதை மீதியில்லாமல் வகுக்கும் என்று, ஆல்போர்கிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் கிர்ஸ்டனைப் பார்த்துச் சொன்னாள். கிர்ஸ்டன் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ரிக்கே கீழே x³ − 2x² எழுதி, கோடு போட்டுக் கழித்து, −2x² என்று எழுதினாள். அப்போதுதான் நான் உதவி செய்யக் கிளம்பினேன்.

“அங்க ஒரு தடவ பாரேன் ரிக்கே. மைனஸ் நாலு, அதோட ஒரு மைனஸ் ரெண்டு. ஆறுதானே?”

“ஆறா?”

“ஆறு” என்றேன், இருபத்தாறு வருட அனுபவத்தின் கனிவெல்லாம் குரலில் வழிய.

அவள் ஈரப் பஞ்சால் இரண்டை அழித்துவிட்டு ஆறை எழுதினாள். அதன்பிறகு அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பில்லாமலே போய் மீதி −16 என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

“மீதி வரக்கூடாதே, வெர்னர். ரெண்டு போட்டா பூஜ்யம் வந்துச்சே.”

எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. மைனஸைக் கழித்தால் அது கூட்டல். இந்த ஒரு தப்புக்காக எத்தனை பிள்ளைகளை வாட்டியிருக்கிறேன். ‘கழித்தால் குறி மாறும்’ என்று நானே பெயிண்டில் எழுதி, அந்தக் கரும்பலகைக்கு மேலேயே மாட்டியிருக்கிறேன். தேர்வுக்கு வருகிறவர்கள் யாரும் பார்த்துப் பயனடைந்துவிடக் கூடாதென்று, அன்று காலை நானேதான் பழுப்புக் காகிதம் ஒட்டி அதை மறைத்தேன். அது தேவைப்பட்ட ஒரே ஆள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

இன்னும் நாலு நிமிடம் இருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். நான் தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தேன். அதில் ஒரு எலுமிச்சைத் துண்டு மிதந்தது. அந்த நாலு நிமிடமும் அதையே பார்த்தேன். மணி அடித்ததும் ரிக்கே சாக்பீஸை வைத்துவிட்டு, எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள்.

“ஆரம்பம் நல்லா இருந்துச்சு. அப்புறம் குழம்பிட்டா. நாலு போடலாம்” என்றார் கிர்ஸ்டன்.

நான் பேசினேன். பதற்றம், பாவம் சின்னப் பெண், வகுப்பில் கெட்டிக்காரி, கொஞ்சம் பெரிய மனது வைத்துப் பத்து போடலாமே என்றேன். பெரிய மனது என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததை என் காதே கேட்டது. எங்கள் அளவில் மைனஸ் மூன்று என்றும் ஒரு மதிப்பெண் உண்டு. அதை யாருக்காகக் கண்டுபிடித்தார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

“பதற்றத்த நான் எந்தக் கட்டத்துல எழுதுறது, வெர்னர்? காரணம் சொல்லுங்க.”

எலுமிச்சைத் துண்டு என் பக்கம் திரும்பியிருந்தது.

“தப்பு அவளோடது இல்ல. அவ சரியா எழுதினா. நான்தான் அழிக்கச் சொன்னேன்.”

கிர்ஸ்டன் எழுந்து கரும்பலகைக்கு அருகே போனார். ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். பிறகு தன் நோட்டைப் பார்த்தார். அங்கும் ஆறுதான் இருந்தது. “நீங்க சொன்னீங்களேன்னு நானும் அப்படியே எழுதிட்டேன்” என்று மெல்லச் சொல்லி, அதை அடித்தார். பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, “அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

ரிக்கே கண் சிவந்து உள்ளே வந்தாள். பத்து என்றேன். அவள் முகம் மலரவில்லை.

“பாவம் பாத்துப் போட்டீங்களா? அப்படின்னா எனக்கு வேணாம்.”

‘சிறிய குழப்பம் ஒன்று நேர்ந்துவிட்டது’ என்று, யாரும் செய்யாததுபோல் ஒரு வாக்கியத்தை நான் தயாராக வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன். கரும்பலகையைக் காட்டினேன். பஞ்சு இழுத்த இடத்தில் ஈரம் காய்ந்திருந்தது. ஆறுக்குப் பின்னாலிருந்து அவள் எழுதிய இரண்டு வெளிறலாக மேலே வந்துகொண்டிருந்தது. ரிக்கே அருகே போய்ப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். வெளியே யாரோ பாட்டைத் தொடங்கிவிட்டு, இன்னும் நேரம் ஆகவில்லையென்று அடக்கப்பட்டார்கள். கதவிடுக்கில் ஒரு கொடியின் நுனி எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

அவள் திரும்பினாள். சாக்பீஸை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.