சம்மதம் சொல்லும் இடம்

வாயைப் பாதி திறந்தபடி மர்வா மறுபடியும் நின்றுபோனாள். டிவியில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறிப்போய், மூக்கு ஒரு பக்கம், மருதாணிக் கை ஒரு பக்கம். நஜ்முன்னிசா ரிமோட்டைக் கட்டிலில் எறிந்தாள்.

"வெளங்காதவன்" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. மகளின் கல்யாண டிவிடி வந்த நாளிலிருந்து அவள் வாயில் விழுந்துகொண்டிருப்பது ஒரே ஆள்தான். பெரம்பலூர் ஸ்டூடியோக்காரன் அறிவரசன்.

கோபம் வராமல் என்ன செய்யும்? இருப்பது ஒரே மகள். அவளுடைய நிக்காஹ்வுக்குப் பெற்ற தகப்பன் காதர் பாட்சா ஷார்ஜாவிலிருந்து வர முடியவில்லை. லீவு தருகிறேன், தருகிறேன் என்று கடைசி வாரம்வரை ஆசை காட்டிவிட்டுக் கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான். போனிலாவது கேட்போம் என்று அந்த மனுஷன் கார்டு வாங்கிக் கூப்பிட்டார். மொபைலை ஸ்பீக்கரில் போட்டு மர்வாவின் மடியில் வைத்தார்கள். அத்தாவுக்குப் பதிலாக அவர் தம்பி, மர்வாவின் சின்னத்தா, இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்து, மாப்பிள்ளை பெயரையும் அவர் தரும் மஹர் பணத்தையும் சொல்லி, "உன்னை நிக்காஹ் செஞ்சு வைக்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அவள் வாய் திறக்கிற நேரம் பார்த்துக் கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

மறுநாள் பேசியபோது பிரியாணி எப்படி என்று அவர் கேட்கவில்லை. யார் யார் வந்தார்கள் என்றும் கேட்கவில்லை. "அவ சம்மதம் சொன்னத மட்டும் பாக்கணும் நஜ்மு. டிவிடி வந்ததும் யார்கிட்டயாச்சும் குடுத்தனுப்பு" என்றார்.

எதிர்வீட்டு முகமது அனஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறான். அவனை விட்டால் ரம்ஜான்வரை அந்தப் பக்கம் போக ஆளில்லை. இந்தப் பாழாய்ப்போன டிவிடியோ மூன்று மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு, சொல்லிவைத்த மாதிரி அந்த இடத்தில் வந்து நிற்கிறது.

அவள் என்னதான் செய்யவில்லை? மெத்தென்ற துணியால் துடைத்தாள். பிளேயர் சூடாகியிருக்கும் என்று ஃபேனுக்கு நேரே வைத்து ஆறவிட்டாள். அனஸ் வீட்டு பிளேயரில் போட்டாள். அங்கே 'சம்மதமாம்மா' என்ற கேள்விக்கே நின்றுவிட்டது. ரிமோட்டால் தாண்டிப் பார்த்தால் மர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் சொல்லி முடித்தாயிற்று.

அறிவரசனுக்குப் போன் போட்டால், "உங்க பிளேயர் கோளாறுக்கா, லென்ஸ மாத்துங்க" என்றான். அடுத்த தடவை, "சைனா பிளேயர்லாம் அப்படித்தான்க்கா" என்றான். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. ஒரு நிமிஷப் படத்துக்கு இந்த அலைச்சலா என்று கொழுந்தன் வேறு சிரித்தார். மர்வாதான் பொறுக்காமல், "நான் வேணா அத்தாகிட்ட போன்ல இன்னொரு தரம் சொல்லிடறேம்மா" என்றாள்.

"சொல்லுவடி. அது என்ன பள்ளிக்கூடப் பாடமா, திரும்ப ஒப்பிக்க?"

வியாழக்கிழமை காலையில் பிளேயரை ஒயரோடு சுருட்டிக் கட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, நஜ்முன்னிசா பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டாள். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வழிநெடுக அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அவளைப் பார்த்ததும் அறிவரசனுக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் விடுவானா? "பாருங்க" என்று டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் போட்டான். தடங்கல் இல்லாமல் ஓடியது. "நான் அப்பவே சொல்லலியாக்கா? குத்தம் உங்க பிளேயர்லதான்."

நஜ்முன்னிசா வாயாடவில்லை. பையிலிருந்து பிளேயரை எடுத்துக் கடை டிவியில் மாட்டச் சொன்னாள். அவன் விற்பனைக்கு மாட்டியிருந்த சினிமா டிவிடி ஒன்றைக் கையோடு உருவி உள்ளே போட்டு, கடைசிக்குப் போனாள். வணக்கம் போடுகிறவரை ஒரு சொடுக்கு இல்லாமல் ஓடியது.

"இது மட்டும் எப்படி தம்பி ஓடுது? எங்க ஷார்ஜா ரூம்ல கம்ப்யூட்டர் கெடையாது. இந்த மாதிரி பிளேயர்தான். இதுல ஓடற மாதிரி குடுக்கறதுதான உங்க வேல?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது ஃபேக்டரில அச்சடிக்கிறதுக்கா. இது நாம எழுதறது. டிஸ்க்கு நடுவுலேந்து ஓரத்துக்கு ஓடும். முழுசா ரொப்பிட்டா ஓரத்துல கொஞ்சம் தகராறு பண்ணும். நீங்கதான பொம்பளைங்க பகுதியக் கடைசில வைக்கச் சொன்னீங்க?"

சொன்னது அவள்தான். அவள் மட்டுமா, அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஷார்ஜாவில் ஒரே ரூமில் எட்டுப் பத்துப் பேர். டிவிடி வந்தால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். பொம்பளைகள் பகுதி வந்ததும் மற்றவர்கள் மரியாதையாக எழுந்து வெளியே போக வேண்டும். அதனால்தான் அது கடைசியில்.

"ஓரத்துல தகராறு பண்ணும்னு உனக்குத் தெரியும்" என்றாள் நஜ்முன்னிசா. வாங்க போங்க எல்லாம் போய்விட்டது. "தெரிஞ்சும் பிளேயர் கோளாறுன்ன. லென்ஸ மாத்துன்ன. டிஸ்க்க ரொப்பினது யாரு, நானா? பொறா பறக்குது, ரோஜாப்பூ கொட்டுது, எவன் ஊரு அருவியோ விழுது. பிரியாணி அண்டா மூடிய மூணு தரம் தொறந்து காட்டியிருக்கியே, அண்டாவுக்கா நிக்காஹ்? எம் புள்ள சம்மதம்னு ஒரு தரந்தான சொன்னா. அதுக்கு எடம் இல்லயா உனக்கு?"

கடையில் பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருந்த இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். "எஃபெக்ட் இல்லாட்டி ஜனங்க ஒத்துக்க மாட்டாங்கக்கா" என்று முனகினான் அறிவரசன்.

உள்ளேயிருந்து அவன் மனைவி வெற்றிச்செல்வி எட்டிப் பார்த்தாள். பொம்பளைகள் பகுதியைக் கேமராவில் எடுத்தவள் அவள்தான். "பொம்பளைங்க பகுதியத் தனி டிஸ்க்குல போடுங்க, வேகத்தக் கொறைச்சு எழுதுங்கன்னு அன்னிக்கே சொன்னேன். முகூர்த்த மாசம், நேரமில்லன்னாரு" என்றாள்.

நஜ்முன்னிசாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சொல்லியும் கேட்கவில்லையா! விறுவிறுவென்று உள்ளே போய், போட்டோ எடுக்கிற ஸ்டூலில், நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஆளுங்க போட்டோவுக்கு நிக்கிறாங்க."

"எடுத்துக்க. நானும் கூட விழறேன். பாஸ்போர்ட் ஆபீஸ்ல கேட்டா, ஸ்டூடியோக்காரன் ஏமாத்துன பொம்பளைன்னு சொல்லட்டும்."

அதற்குமேல் அவனால் என்ன செய்ய முடியும்? வெற்றிச்செல்விதான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பொம்பளைகள் பகுதியைத் தனியாக வெட்டி, புதிய டிஸ்க்கில் மெதுவாக எழுதவிட்டாள். மீதியை இன்னொரு டிஸ்க்கில் போட்டாள். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி முடிந்தும் நஜ்முன்னிசா ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. போட்டோவுக்கு வந்தவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

எழுதி முடிந்ததும் டிவியை வாசலுக்குத் தெரியாதபடி திருப்பி, அறிவரசனை வாசலுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பொம்பளைகளும் பார்த்தார்கள். அவளுடைய பிளேயரில்தான். சின்னத்தா கேட்டார். மர்வா மடியிலிருந்த மொபைலைப் பார்த்தாள். லைன் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் அதையே பார்த்து, "சம்மதம் அத்தா" என்றாள்.

அத்தா என்று சொன்னது நஜ்முன்னிசாவுக்கு இதுவரை தெரியாது. அன்றைக்குப் பந்தலில் இருந்த சத்தத்தில் அது காதில் விழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதத்தான் ஓரத்துல தள்ளியிருக்கான் படுபாவி" என்றாள்.

டிஸ்க்குகள் வெள்ளிக்கிழமை அனஸோடு போய்ச் சேர்ந்தன. மறுநாள் மாலை காதர் பாட்சா கூப்பிட்டார்.

"ரெண்டும் வந்துச்சு. மொத டிஸ்க்க எல்லாரும் சேந்து பாத்தோம். ரெண்டாவது போடறப்ப பசங்க அவங்களா எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க."

"அது கெடக்கட்டும். ஓடுச்சா?"

"அந்த எடத்துல நிக்குது நஜ்மு."

அவ்வளவுதான். அவளுக்கு ரத்தம் கொதித்தது. "அவன் வெளங்குவானா? எங்கண்ணு முன்னாடி ஓடுச்சே. நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போயி அவன் கடைய..."

"சொல்றதக் கேளு. டிஸ்க்கு நல்லாத்தான் ஓடுது. நாந்தான் நிப்பாட்டி வெச்சிருக்கேன். என்னக் கூப்பிட்டுட்டுப் பாக்கறாள்ல, அந்த எடத்துல. தாண்டிப் போக மனசு வரல."

திட்டுவதற்கென்று திரட்டி வைத்திருந்ததையெல்லாம் எங்கே கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஒரு வாரம் லீவு குடுக்காத அந்தக் கம்பெனிக்காரன் நல்லாவே இருக்க மாட்டான்" என்றாள். குரல் பாதியில் உடைந்தது. அப்புறம், "பசங்க எங்க?" என்று கேட்டாள்.

"வெளிய, மாடிப்படில. அசர் தொழுகைலேந்து."

"சாப்புட்டாங்களா?"

"சாப்பாடு உள்ளதான் இருக்கு."

"மனுசனா நீங்க? அவங்களக் கூப்புடுங்க மொதல்ல."

"கூப்புடறேன்" என்றார். ஆனால் அவர் எழுந்திருக்கிற சத்தம் கேட்கவில்லை. அவளும் இன்னொரு தடவை சொல்லவில்லை. கார்டு தீர்ந்து லைன் அறுகிறவரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.