பச்சைத்தண்ணி போன இடம்

கிணற்றடி என்ற இணையதளம் இரண்டாக உடைந்ததற்குக் காரணம் பச்சைத்தண்ணியின் சாவுதான். இதில் மட்டும் அதன் உறுப்பினர்கள் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. இதில் இருக்கும் ஒரே சிக்கல், பச்சைத்தண்ணி என்று ஒருவன் உலகத்தில் இருந்ததே இல்லை.

முதலில் இது தெரிந்தவர் கண்ணாடிக்காரர் ஒருவர்தான். அவர் மனைவியையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு பேர். கண்ணாடிக்காரருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் பிரேம்கள் அடுக்கிய அலமாரி, தடுப்புக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின், அதற்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில்தான் கிணற்றடி பிறந்தது. வேதாகமத்தில் ஒரு கிணற்றடியில் நல்ல பேச்சு ஒன்று நடக்கும், விசுவாசிகள் கூடிப் பேசும் தளத்துக்கு அந்தப் பெயரே பொருத்தம் என்பது அவர் எண்ணம். "கிணத்தடியில ஜனங்க பேசுறது வேற மாதிரியில்ல இருக்கும்" என்று மனைவி அன்றைக்கே சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவி சொன்னதுதான் நடந்தது. முதலில் ஞானஸ்நானச் சண்டை. முழுக்குக் கட்சி, தெளிப்புக் கட்சி என்று இரண்டு அணி. முங்கி எழுந்தால்தான் ஆச்சு என்பார் ஒருவர். அப்படியானால் பாலைவனத்தில் இருக்கிறவன் மணலில் முங்குவானா என்று கேட்பார் இன்னொருவர். அது ஓய்ந்ததும் ஆராதனையில் டிரம்ஸ் வாசிக்கலாமா என்று ஒரு மல்லுக்கட்டு. வாசிக்கலாம் என்றவரின் மகன் டிரம்ஸ் வாசிக்கிறவன் என்று யாரோ துப்பறிந்து போட, அதில் நாலு பேர் முறைத்துக்கொண்டு போனார்கள்.

கண்ணாடிக்காரர் சண்டை பிடிக்காத மனிதர். ஆகையால் விதிகள் போட்டார். திட்டக் கூடாது, குத்திக்காட்டக் கூடாது, ஒருவரை ஒருவர் நரகத்துக்கு அனுப்பக் கூடாது. சண்டைக்காகவே வந்துகொண்டிருந்தவர்கள் இனி இங்கே என்ன வேலை என்று மூட்டையைக் கட்டினார்கள். மிச்சம் இருந்தவர்கள் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவர்கள். ஒருவர் ஆண்டவர் நல்லவர் என்று எழுதுவார், மற்றவர்கள் வரிசையாக ஆமென் போடுவார்கள். விவாதத் தளத்தில் விவாதிக்க ஒன்றும் இல்லை. கிணற்றடி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

கடையிலும் ஈ ஓட்டிய ஒரு மதியத்தில்தான் கண்ணாடிக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். புதிதாக ஒரு கணக்கு திறந்து, பச்சைத்தண்ணி என்று பெயர் வைத்து, தான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்று அறிமுகம் செய்துவிட்டு ஒரு கேள்வியைப் போட்டார்.

"உங்க கடவுளுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னா, எதுக்கு இவ்வளவு சத்தம் போட்டுக் கேக்குறீங்க?"

கிணற்றடிக்கு உயிர் வந்துவிட்டது. போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். கப்பலில் என்ஜினியராக இருந்த ஒருவர், எல்லோருக்கும் கப்பல்காரர், துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கிப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். அடுத்த ஊரில் தையல்கடை வைத்திருந்த தையலக்கா மட்டும் ரெண்டு வரிதான் எழுதினாள்.

"சத்தம் அவருக்காக இல்ல தம்பி, நமக்காக. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் அக்கா என்று பச்சைத்தண்ணி பதில் போட்டான். அதற்கப்புறம் அவள் கேட்காத நாளில்லை, அவன் சாப்பிடாத நாளுமில்லை.

கண்ணாடிக்காரர் யோசித்து எழுதியது அந்த முதல் கேள்வி ஒன்றைத்தான். மற்றதெல்லாம் ஏற்கெனவே உள்ளே கிடந்தவை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து, காணிக்கைத் தட்டைச் சுற்றுக்கு விட்டு, பாட்டு ஒரு வரி விடாமல் பாடி, கூடவே விழுங்கி வைத்த கேள்விகள். நியாயமானவர்கள் ஏன் நோயில் கிடக்கிறார்கள், பதில் வராத ஜெபம் எங்கே போகிறது என்பது மாதிரி. சபையில் வாயைத் திறந்திருந்தால் போதகர் வீட்டுக்கே வந்து தலையில் கை வைத்து ஜெபித்திருப்பார். பச்சைத்தண்ணியாக உட்கார்ந்து எழுதும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்தது, அதை மறைப்பானேன்.

தையலக்கா பச்சைத்தண்ணியிடம் அப்படி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு ஒரே மகன். படிக்கிற வயதில் நம்பிக்கையை விட்டுவிட்டான். வீட்டில் சண்டை, கிளம்பிப் போனவன் தூரத்து ஊரில் சாலை விபத்தில் செத்துப்போனான். தனக்கு ஜெபம், சடங்கு எதுவும் கூடாது என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தான். அவர்களும் சொன்ன சொல் தவறாதவர்கள். பெற்றவள் அடக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். இதை அவள் ஒருமுறை கிணற்றடியில் எழுதினாள். அன்றைக்கு மட்டும் ஒருவரும் ஆமென் போடவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பச்சைத்தண்ணியின் மனமாற்றத்துக்காக வெள்ளிதோறும் உபவாசம் இருப்பது என்று கப்பல்காரர் தீர்மானம் கொண்டுவந்தார். கண்ணாடிக்காரரும் இருந்தார். தளம் நடத்துகிறவர் இல்லாமல் எப்படி? தன் மனமாற்றத்துக்காகத் தானே பட்டினி கிடந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். "தேவையா உங்களுக்கு" என்று மனைவி கேட்டுவிட்டுத் தன் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

பிறகு கப்பல்காரருக்கு நீண்ட விடுமுறை கிடைத்தது. எல்லோரும் நேரில் கூடலாம், பச்சைத்தண்ணி கட்டாயம் வர வேண்டும், அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எழுதினார். தையலக்கா தனிச் செய்தி அனுப்பினாள். "உனக்கு ஒரு சட்டை தைக்கிறேன் தம்பி. அளவு அனுப்பு. வேண்டாம்னு சொன்னா கோவிச்சுக்குவேன்."

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. மனைவி டேப் எடுத்து அளந்தாள். "இடது தோளு இறங்கியிருக்கு. மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு இப்படியாயிடுச்சு. இதையும் எழுதுங்க, இல்லாட்டி சட்டை ஒரு பக்கமா இழுக்கும்." அவர் அதையும் எழுதி அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. சட்டை தயாராகிக்கொண்டிருக்கிறது, போட்டுக்கொள்ள ஆள் இல்லை.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவர் கண்ட வழி, பச்சைத்தண்ணியைச் சாகடிப்பது. அவன் நண்பன் என்று இன்னொரு கணக்கு திறந்தார். கொஞ்ச நாள் காய்ச்சல், ஆள் போய்விட்டான் என்று எழுதினார். எங்கே அடக்கம், மாலையோடு வருகிறோம் என்று கேட்பார்களே. அதனால், அவன் விருப்பப்படி ஜெபம், சடங்கு எதுவும் இல்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி சேர்த்தார். தையலக்காவின் மகன் அந்த நேரத்தில் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

கிணற்றடி அழுதது. நிஜமாகவே அழுதது, அழுது முடித்ததும் வேலையைத் தொடங்கியது. பச்சைத்தண்ணி இப்போது எங்கே இருக்கிறான் என்பது கேள்வி. மனந்திரும்பாமல் போனவனுக்கு நரகம்தான், துக்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார் கப்பல்காரர். அவ்வளவு பேர் பட்டினி கிடந்தது வீணா, கடைசி மூச்சில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும் என்றது எதிர்க்கட்சி. முழுக்குக்காரர்களும் தெளிப்புக்காரர்களும் முதல் முறையாக ஒரே அணியில் நின்று இன்னொரு அணியோடு மோதினார்கள். ஒருவரை ஒருவர் நரகத்துக்கு அனுப்பக் கூடாது என்ற விதி செத்தவர்களுக்குப் பொருந்துமா என்று தனியாக ஒரு விவாதம் ஓடியது.

தையலக்கா எதிலும் வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்காரருக்கு மட்டும் எழுதினாள். "எம்புள்ள மாதிரியேதான் இவனும் போயிருக்கான். இவன் அங்கதான்னா அவனும் அங்கதான். தளம் நடத்துறவரு நீங்க, படிச்சவரு. ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு ஊசியில நூல் கோக்க முடியல."

அவர் அன்று வாடிக்கையாளர் ஒருவருக்கு வலது லென்ஸை இடதில் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

"கடைசி நேரத்துல மனந்திரும்பிட்டான்னு அந்த நண்பன் பேர்ல ஒரு வரி எழுதிவிடுங்க" என்றாள் மனைவி. "இவ்வளவு பொய் சொன்ன கைக்கு இதுவா பாரம்?"

அவர் எழுதக்கூட எழுதிவிட்டார். அனுப்பப் போகும்போது கை நின்றது. "அப்படி எழுதினா பச்சைத்தண்ணி தப்பிச்சிடுவான். அவங்க புள்ள மட்டும் தனியா அங்க கிடப்பான்."

"அப்ப நிஜத்தச் சொல்லித் தொலைங்க" என்றாள் மனைவி.

சொன்னார். எல்லோரும் பார்க்க, தன் பெயரில், ஒளிவுமறைவில்லாமல். பச்சைத்தண்ணி நான்தான், அவன் நண்பனும் நான்தான், யாரும் சாகவில்லை, மன்னியுங்கள். இதோடு தளம் தன்னைத் துரத்திவிடும் என்று நினைத்துக்கொண்டு, கடையை அடைத்துவிட்டு வந்து படுத்தார்.

ஒருவரும் நம்பவில்லை. செத்தவனைக் காப்பாற்ற நீங்கள் இந்தப் பழியைச் சுமக்கிறீர்கள், உங்கள் அன்பு பெரியது, ஆனாலும் பொய் பாவம் என்று கப்பல்காரர் கண்ணீரோடு எழுதினார். எதிர்க்கட்சியோ, பச்சைத்தண்ணி இருந்ததே இல்லை என்பது அவன் ஆத்துமாவுக்குச் செய்யும் அவமானம் என்று கொதித்தது. அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்க கண்ணாடிக்காரருக்கு வராது, அவர் பரம விசுவாசி என்று ஒருவர் நற்சாட்சி வேறு கொடுத்தார். அந்த வாரமே கிணற்றடி உடைந்தது. ஒரு பாதி கிணற்றடி என்றும், இன்னொரு பாதி உண்மைக் கிணற்றடி என்றும் போனில் ஆளுக்கொரு குழு தொடங்கிக்கொண்டார்கள். இரண்டிலும் கண்ணாடிக்காரரைச் சேர்த்தார்கள்.

தையலக்காவிடமிருந்து மட்டும் பதில் இல்லை. அவர் பஸ் ஏறினார்.

தையல்கடை ஒரு மாடிப்படியின் கீழே இருந்தது. ஒரு மெஷின், துணி வெட்டுகிற பலகை, கொக்கியில் தொங்கும் பாதி முடிந்த பாவாடைகள். பலகையில் குனிந்து சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் அக்கா, கண்ணாடிக்காரன்."

"தெரியுது. உக்காருங்க."

உட்கார்ந்தார். "நான் எழுதினது நிஜம்."

"எல்லாரும் இல்லங்கிறாங்க."

"நிஜம் அக்கா."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். "எந்திரிச்சு திரும்பி நில்லுங்க" என்றாள். வலது தோளை அளந்தாள். இடது தோளை அளந்தாள். இன்னொரு தடவை இடதை அளந்துவிட்டு, டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நரகத்துல இருக்கான்னு கப்பல்காரர் எழுதினப்ப எரிச்சலா வந்துச்சு. ஆனா அங்கயாவது இருக்கான்னு ஒரு நினைப்பு இருந்துச்சு. நீங்க அவன் எங்கயுமே இல்லன்னு சொல்லிட்டீங்க. எனக்கு எம்புள்ள ரெண்டாவது தடவை போன மாதிரி இருக்கு."

கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டியான்னு கேட்டப்பல்லாம் சாப்பிட்டேன்னு எழுதினது?"

"நான்தான்."

"நிஜமாவே சாப்பிட்டிருந்தீங்களா?"

"வெள்ளிக்கிழமையில பொய்."

"கேள்வியெல்லாம்?"

"அதுல பொய் இல்ல அக்கா. சபையில கேக்க முடியல. அங்க கேட்டேன்."

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை எடுத்து உதறி, அவருக்குப் பின்னால் வந்து பிடித்தாள். போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அவர் கையை நுழைத்தார். இடது தோள் பிசகாமல் உட்கார்ந்தது. முன்னால் வந்து மேல் பட்டனைப் போட்டுவிட்டாள்.

"கடைசியா ஒண்ணு கேட்டிருந்தீங்க" என்றாள். "கேள்வி கேட்டான்கிறதுக்காக உங்க கடவுள் ஒருத்தன வெளியே நிறுத்திடுவாரான்னு. பதில் எழுதறதுக்குள்ள போயிட்டீங்க."

"ஆமா."

"எம்புள்ளையும் இதேதான் கேட்டான். இந்த இடத்துல நின்னுதான் கேட்டான். நான் வெளியே போடான்னேன்."

அடுத்த பட்டனைப் போட்டாள். அது போட்டு முடிய வெகுநேரம் ஆயிற்று.

"உக்காரு தம்பி. இந்தத் தடவ பதில் சொல்றேன்" என்றாள். "சாப்பிட்டியா?"

"இல்லக்கா" என்றார் கண்ணாடிக்காரர். அது நிஜம்.