அடித்தளிர்

பக்கத்துத் தோட்டத்துச் சவேலியின் நீராவிக் குளியலறைப் பரணில் என் மரம் கட்டுக்கட்டாகத் தொங்கியது. குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ள நாங்கள் எல்லோருமே பிர்ச் கிளைகளைக் கட்டி உலர்த்துவோம். அதற்குக் காட்டில் மரமா இல்லை? என் கணவர் கிளெப் சாகும் முன் நட்டது அந்தத் தொங்கு பிர்ச். நான் நகரத்துக்குப் போன நேரம் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் சவேலியின் தோட்டத்தில் தரைவரை வழிந்த கிளைகளை ஒன்றுவிடாமல் அறுத்துவிட்டான். திரும்பி வந்தபோது மரம் பாதி மொட்டையாக நின்றது.

"என் பக்கம் தொங்குச்சு, எடுத்தேன். உனக்கும் ரெண்டு கட்டு தரேன் ஜினா, முதுகுவலிக்கு நல்லது," என்றான்.

மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அடுத்த வசந்தத்தில் அவனே ஒரு தொங்கு பிர்ச் கன்று வாங்கி வேலியோரம் நட்டான். அது ஒட்டுக்கன்று. நேராக வளரும் பிர்ச்சின் தலையில் தொங்கும் கிளையை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளாவிட்டால் அது மேலே இருப்பதைக் கொன்றுவிடும்.

"கீழ தளிர் விடுதே ஜினா, வெட்டிரட்டுமா?"

"கத்தியே வைக்காத. மரத்துக்கு அதுதான் பலம். நல்லா தண்ணி ஊத்து."

ஊற்றினான். நான் தேநீர் குடித்தபடி ரசித்தேன். சில வருடங்களில் தொங்கும் தலை கருகியது. அடித்தளிர் விறைப்பாக எழும்பியது. தலை முழுசாகப் பட்டுப்போன அன்று ஆப்பிள் அப்பம் சுட்டு ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தேன்.

ஆனால் அவன் தோட்டம் எனக்குத் தெற்கே இருக்கிறது. அவன் மரம் கூரையைத் தாண்டியதும் நிழல் முழுக்க என் மரத்தின்மேல் விழுந்தது. பிர்ச்சுக்கு வெயில் இல்லாவிட்டால் ஆகாது. இந்தக் கோடையில் கிளெப்பின் மரத்தில் மிச்சமிருந்த பாதியும் மஞ்சளாகி உதிர்கிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கேட்டேன். "சவேலி, அந்த மரத்த வெட்டிரேன். என் மரம் சாகுது."

"இதையா? நீ சொல்லி வளத்த புள்ள இது. கத்தியே வைக்காதன்னு நீதானே சொன்ன? தொங்கலன்னா என்ன, எப்பிடி நிமிந்து நிக்குது பாரு."

அவன் முகத்தில் கிண்டலைத் தேடினேன். துளியும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உன் பக்கம் தொங்குனா நீயே அறுத்துக்கலாம் ஜினா," என்று பெருமையாக அண்ணாந்து பார்த்தான். "ஒரு கிளைகூட வரலையே."