ஒரே செய்தி, இரண்டு டிவி

மகள் அனுப்பிய எல்இடி டிவியை ஓய்வுபெற்ற தபால்காரர் பழைய பிளாஸ்மாவுக்குப் பக்கத்தில் வைத்து, எதில் படம் நன்றாக இருக்கிறதென்று பார்க்க இரண்டிலும் ஒரே செய்தியை ஓடவிட்டார். புதியதில் செய்தி வாசிப்பவளின் உதட்டுச்சாயம் கண்ணைப் பறித்தது. கூந்தல்தான் நரைத்ததுபோல் வெளிறிக் கிடந்தது. பழையதில் கூந்தல் கருகருவென்று இருந்தது; ஆனால் பெட்டி அடுப்பாய்க் கொதித்தது. புதியதில் பேச்சு ஒரு கணம் பிந்தி வந்ததால், ஒன்று பேச மற்றொன்று பதில் சொல்வதுபோல் இருந்தது. மனைவி போனபிறகு அந்த வீட்டில் பேச்சுக்குப் பேச்சு கேட்டது அன்றுதான்.

“பழசைத் தூக்கிப் போட்டாச்சாப்பா?” என்று மகள் போனில் கேட்டாள்.

“அவசரப்படாதம்மா, இன்னும் பாத்துட்டுதான் இருக்கேன்.”

ஒரு மாதமாக இதே பதில்தான்.

போனை வைத்தபோது செய்தி முடிந்தது. வாசித்தவள் இரண்டு முறை வணக்கம் சொன்னாள். அவரும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு வணக்கம் வைத்தார்.