'சுத்தம்' என்று எழுதிய தட்டு

கிருமியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கிருமிக்குப் பயப்படாதவர்கள் ஒரு வகை. வகுப்பில் பயப்படாத மாதிரி நடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கதவுக் கைப்பிடியைத் துடைப்பவர்கள் இன்னொரு வகை. நம்முடைய ஆளுக்கு இரண்டாவது வகையில் முதல் ராங்கே கொடுக்கலாம்.

கல்லூரிப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கர்னல். உடம்பின் எதிர்ப்பு சக்தியை நடத்தும்போது மேஜையைத் தட்டித் தட்டி வகுப்பையே போர்க்களமாக்கிவிடுவார். பாக்டீரியா வந்தால் வெள்ளையணுக்கள் ஓடிப்போய் அப்படியே விழுங்கும். வைரஸ் நம் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். அது ஒளிந்த வீட்டையும் சேர்த்துக் கொளுத்த வேறொரு படை வரும். குடல்புழுவை விழுங்கவும் முடியாது, கொளுத்தவும் முடியாது. அதற்கென்று இருக்கும் அணுக்கள் சுற்றி நின்று விஷத்தைக் கொட்டும். "ஆள் பாத்து அடிக்கணும். அதான் கெட்டிக்காரத்தனம்" என்று முடிப்பார். இந்த வாக்கியத்தை யாராவது அவருக்கே திருப்பிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் மனைவிக்குப் புற்றுநோய். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிய பிறகும் அவளுடைய வெள்ளையணுக்கள் மளமளவென்று சரியும். அவை மறுபடி ஏறும்வரை சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடலாம். டாக்டர் எளிமையாகத்தான் சொல்லி அனுப்பினார்: காய்ச்சல் சளி இல்லாதவர்கள் கை கழுவிவிட்டு வந்து பார்க்கலாம், இவளுக்குக் காய்ச்சல் கண்டால் உடனே கூட்டிவர வேண்டும். கர்னலுக்கு இது போதுமா? மனைவியின் உடம்பில் படை கலைந்துவிட்டது, இனி நான்தான் படை என்று முடிவு கட்டிவிட்டார். பூந்தொட்டிகளை மொட்டை மாடிக்கு நாடு கடத்தினார். பழம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவைப் பழத்தோடு திருப்பி அனுப்பினார். நாள் முழுக்க மாஸ்க்கை மூக்கின் மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலைக் காத்தார்.

மச்சினி ஒரு சலூனில் முடி வெட்டுகிறவள். அக்காவுக்கு முடி கொட்டத் தொடங்கியதும் மெஷினை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். தலையணையில் தினமும் பொறுக்குவதைவிட ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் போனில் பேசி வைத்திருந்தார்கள். கர்னல் வாசலிலேயே மறித்தார். ஊரார் தலையிலெல்லாம் கை வைக்கிறவள். மெஷின் பட்டுத் தோல் கீறினால் என்ன ஆவது? என்னென்ன கிருமி ஒட்டியிருக்கிறது என்று பார்க்க, கல்லூரி லேபிலிருந்து கொண்டுவந்திருந்த பஞ்சுக் குச்சியை அவள் விரல்களில் தேய்த்துச் சோதனைக் குழாயில் போட்டு மூடினார். முறை தவறக்கூடாதென்று தன் விரல்களிலும் ஒன்றைத் தேய்த்து வைத்துக்கொண்டார். பிறகு போய் வரச் சொன்னார். கதவைச் சாத்தினார், அவள் மெஷினோடு திரும்பிப் போனாள்.

அன்று மனைவி சாப்பிடவில்லை. அடுத்த மருந்துக்கு வரமாட்டேன் என்றாள்.

"இந்த நோய்கூட என்னைத் தனியா விடல. நீங்க விட்டுட்டீங்க."

கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள். இன்னும் பாதி மருந்து பாக்கி இருந்தது. நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பயந்துபோன புருஷன் மன்னிப்புக் கேட்பான். பயந்துபோன வாத்தியார் நிரூபிக்கக் கிளம்புவார். கல்லூரி லேபில், கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டில் மச்சினியின் குச்சியைத் தேய்த்து வைத்தால் மறுநாள் கொத்துக்கொத்தாக முளைக்கும். படமெடுத்துக் காட்டினால் மனைவியே புரிந்துகொள்வாள். ஒப்பிடுவதற்கு ஒரு சுத்தமான தட்டு வேண்டுமே? தன் விரலில் தேய்த்த குச்சியை இன்னொரு தட்டில் தேய்த்து, அதன் மேல் 'சுத்தம்' என்றே எழுதி ஒட்டினார். மாணவன் எவனாவது இந்தக் காரியத்தைச் செய்திருந்தால், உன் கை சுத்தமென்று உனக்கு எவன் சொன்னான் என்று கேட்டு மானத்தை வாங்கியிருப்பார்.

மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தார். மச்சினியின் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் புள்ளிகள். யார் தோலிலும் இருக்கிற சாதுப் பிராணிகள். 'சுத்தம்' தட்டு மட்டும் தங்க மஞ்சளாகப் பளபளத்தது. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். திராட்சைக் குலை மாதிரி ஸ்டஃபைலோகாக்கஸ். பலருடைய மூக்கில் வம்புதும்பில்லாமல் குடியிருக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்பு கிடைத்தால் ஆட்டம் காட்டும். மாஸ்க்கை இழுத்துவிட்ட அதே கையால்தான் அவர் அவளுடைய தலையணையைத் தட்டிப் போட்டார், மாத்திரை பிரித்துக் கொடுத்தார். கை கழுவவில்லையா என்றால், வருகிறவர்கள்தானே கழுவ வேண்டும், காவல்காரன் எதற்குக் கழுவ வேண்டும் என்ற நினைப்பு.

ஒட்டுத்தாள்களை மாற்றி ஒட்டிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பியும்விட்டார். அப்போதுதான் தன் பாடமே அவர் தலையில் விழுந்தது. புழுவே இல்லாத உடம்பில் புழுவுக்கான படை சிலருக்குச் சும்மா இருக்காது. தூசியையும் பூந்தூளையும் எதிரி என்று அடித்து, கடைசியில் காப்பாற்ற வேண்டிய ஆளையே மூச்சுத் திணற வைக்கும். அலர்ஜி என்று வருஷா வருஷம் மேஜையைத் தட்டிச் சொன்னது இதைத்தான். அவருக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

டாக்டருக்கு போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். காய்ச்சல் இல்லாதவரை பயப்பட வேண்டாம், கையைக் கழுவுங்கள் என்று சொல்லி, மூக்கில் தடவ ஒரு களிம்பையும் டாக்டர் எழுதி அனுப்பினார். சிரித்தாரா என்று போனில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் படுக்கையறை வாசலிலேயே நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னார். படத்தை அவள் போனுக்கு அனுப்பினார். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுல என் தங்கச்சி எது?"

"அந்த வெள்ளைப் புள்ளி."

"மஞ்சளா இருக்கிறது?"

"நான்."

அவள் சிரித்தாள். சிரித்து எத்தனையோ நாளானதால் நடுவில் இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் கேட்டாள், "எதிரி யாருன்னே தெரியாம சுடுற படைய உங்க பாடத்துல என்ன செய்வாங்க?"

"அடக்கி வைக்க மருந்து குடுப்பாங்க."

"அப்ப அடங்கி உக்காந்து அவளுக்கு போன் பண்ணுங்க."

போனில் அவர் தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டார். சாயங்காலம் மச்சினி வந்தாள். மெஷினைத் துடைத்து வைத்தாள், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு பையிலிருந்து காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"மூக்கக் காட்டுங்க மாமா."

அசடு வழியக் காட்டினார். அவள் சிரிக்காமல் குச்சியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கர்னல் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளே மெஷின் ஓடும் சத்தம். அக்காவுக்குத் தலை கூசியிருக்க வேண்டும், சின்னப் பெண் போலச் சிரித்தாள். மெஷின் நின்றபோது அவள் குரல் கேட்டது.

"ஏங்க, அடுத்த மருந்துக்குப் போறப்ப இவளும் கூட வரட்டும்."

சரி என்றார். கண்ணைத் துடைக்கக் கை தானாகப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டு, எழுந்து கை கழுவப் போனார்.